இருபத்து நாலு பனிமனிதர்கள்

மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. அது விலங்கின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. கேக்கின் மேல் தூவுகிற பளபள மணிகளில் பூச்சி அரக்கு இருக்கிறது. கடையில் விற்கிற தூள் சர்க்கரையில் சோள மாவு கலந்திருக்கிறது, கட்டி தட்டாமல் இருக்கவாம். இதெல்லாம் அமெரிக்காவுக்கு வந்த முதல் வருஷமே நான் கண்டுபிடித்துவிட்ட விஷயங்கள். எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்பக்கத்து எழுத்தை முழுக்கப் படிக்காமல் வண்டியில் போடமாட்டேன். நான் படித்துக்கொண்டிருக்கும்போது என் கணவர் இரண்டு வரிசை தள்ளிப் போய் நின்றுகொள்வார், இந்தப் பொம்பளை யாரென்றே தெரியாத மாதிரி.

நான் சந்தேகப் பிராணி. மறைப்பானேன்? யாராவது சிரித்தால் எதற்குச் சிரித்தார்கள் என்று யோசிப்பேன். சிரிக்காவிட்டால் அதற்கும் யோசிப்பேன். கோபமும் சட்டென்று வந்துவிடும். இந்த இரண்டு குணத்தையும் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்புக்குப் பலகாரம் செய்யக் கிளம்பினேன்.

நியூ ஜெர்சியிலிருந்து டப்ளினுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு கோடை விடுமுறையில். கலிபோர்னியா டப்ளின்தான். தெருவுக்கு நாலு தமிழ் வீடு இருக்கும். எங்களுக்கென்ன குறை என்று நினைத்தேன். குறை இரண்டு மாதத்தில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள், ரீசெஸ் இடைவேளையில் சந்தோஷமாக விளையாடுகிறாள். ஆனால் லஞ்ச் நேரத்தில் மட்டும் தனியாகப் போய் மேஜைக் கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றார். நியூ ஜெர்சியில் இவளைச் சுற்றி எப்போதும் நாலு பிள்ளைகள் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் பாப்பா தனியா உக்கார்றே?"

"ஐ லைக் இட், அம்மா."

எட்டு வயசுப் பிள்ளைக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்குமா? என் மகளுக்குத் தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அவள் சொன்னவற்றில் பாதியை நான் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். எந்த பாஷையில் சொன்னாலும் அது பொய் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ரீசெஸில் அவள் விளையாடுவது ஒரே ஒரு பெண்ணோடு. அதுவும் தமிழ்ப் பெண்தான். அவளுடைய அம்மாதான் வகுப்புக்கு ரூம் மாம், அதாவது பார்ட்டிகளுக்கு யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று பட்டியல் போட்டு மேய்க்கிறவர். சென்னைக்காரர். வாட்ஸ்அப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுத்தான் பேசுவார். முதல் முறை பார்த்தபோதே, "நீங்க ஈரோடு சைடா? பேச்சுல தெரியுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இப்போது கணக்கு எனக்கு நேராகிவிட்டது. சேர்ந்து விளையாட ஆகும், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆகாது. இதற்கு அர்த்தம் ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு டப்பாவின் பக்கத்தில் உட்காராதே என்று அந்த அம்மாள் மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கடல் தாண்டி வந்தும் இதுவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரிடம் சொன்னேன்.

"நீயா ஏதாவது கற்பனை பண்ணாத. அவங்க அப்படிப்பட்டவங்களாத் தெரியல" என்றார்.

"உங்களுக்கு யாருதான் அப்படித் தெரிஞ்சிருக்காங்க?" என்றேன்.

சரி, வாயால் பேசி ஆகப்போவதில்லை, பலகாரத்தால் பேசுவோம் என்று முடிவு செய்தேன். இருபத்து நாலு பிள்ளைகளும் ஆசை ஆசையாகச் சாப்பிட்டு, இதை உன் அம்மாவா செய்தாள் என்று என் மகளைச் சுற்றி உட்கார வேண்டும். அந்த மேஜைக் கடைசி நாற்காலி காலியாக வேண்டும். அக்டோபர் கடைசியில் பேய் வேஷமும் பூசணிக்காயுமாகக் கொண்டாடுகிற ஹாலோவீன் பார்ட்டிக்குப் பட்டியல் வந்ததும் முதல் ஆளாக என் பெயரைப் போட்டேன்.

ஆசிரியை ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். வீட்டில் செய்ததைக் கொண்டுவரலாம், என்னென்ன சேர்த்தது என்று எழுதி ஒட்ட வேண்டும். வகுப்பில் ஒரு குழந்தைக்கு நிலக்கடலை ஆகாது, அதனால் நிலக்கடலை சேர்த்த எதுவும் வேண்டாம், நிலக்கடலை புழங்குகிற இடத்தில் தயாரானதும் வேண்டாம். எந்தக் குழந்தை என்று போடவில்லை. கடைசி வரியை நான் ஃபேக்டரிகளுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். என் சமையலறையை ஒரு ஃபேக்டரியாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் ரூம் மாம் போன் செய்தார்.

"ஃப்ரீயா இருக்கீங்களா? லிஸ்ட்ல பார்த்தேன். ஹோம்மேடா பண்றீங்க?"

"ஆமாங்க. பால் பேடாதான். பூசணிக்கா ஷேப்புல புடிச்சுத் தர்றேன்."

"ஓ, சூப்பர். என்னென்ன போடறீங்கன்னு எனக்கு டெக்ஸ்ட் பண்ணிடறீங்களா? அப்புறம்... வீட்ல பீனட் நிறைய யூஸ் பண்ணுவீங்களோ?"

"அதுல பீனட்டே இல்லீங்க. பால் பவுடர், நெய், சக்கரை, ஏலக்கா. அவ்வளவுதான்."

"இல்ல, ரெசிபில இல்ல, பொதுவா கிச்சன்ல..."

"எங்க கிச்சன் சுத்தமாத்தாங்க இருக்கும்."

"சரிங்க, தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார். என் சமையலறையைப் பற்றி விசாரிக்க இவர் யார்? என்ன கொழுப்பு இருந்தால் கேட்பார்? அன்று பூராவும் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன்.

பூசணிக்காய் பேடா பிரமாதமாக வந்தது. பால் பவுடரை நெய்யில் கிளறி, சர்க்கரையை ஏலக்காயோடு மிக்ஸியில் மாவு மாதிரி அரைத்துச் சேர்த்து, ஆரஞ்சு நிறம் கொஞ்சம் பிசைந்து, பல்குச்சியால் கோடு போட்டு, காம்புக்கு ஒரு சாக்லேட் துணுக்கு வைத்தேன். அந்தச் சாக்லேட் பாக்கெட்டின் பின்பக்கத்தை மூன்று முறை படித்திருப்பேன். காலையில் மகள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பியது, அலம்பிக் கூட இருந்தது.

"எப்படியிருந்துச்சாம்?"

"குட்."

"யாரு யாரு சாப்பிட்டாங்க?"

"எவ்ரிபடி."

வாயெல்லாம் பல்லாகக் கணவருக்குப் போன் செய்தேன். அந்தச் சந்தோஷம் இரண்டு மணி நேரம் நிலைத்தது. அதற்குள் ரூம் மாம் பார்ட்டிப் படங்களைக் குழுவில் போட்டார். பதினாறு படங்கள். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டுத் தட்டாகப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் இருந்தது, பாப்கார்ன் இருந்தது, கண் வைத்த சீஸ் துண்டு இருந்தது. என் பூசணிக்காய் ஒன்று கூட இல்லை. ஒரு பிள்ளையின் கையிலும் இல்லை, கடித்து வைத்த பாதி கூட இல்லை.

"ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே தின்னு முடிச்சிருப்பாங்க. விடேன்" என்றார் கணவர்.

"இருபத்து நாலு பேருமா? மத்ததையெல்லாம் வெச்சுட்டு என்னோடத மட்டுமா?"

அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அம்மாள் என் டப்பாவை வாங்கி ஓரமாக வைத்து, யாரும் பார்க்காதபோது குப்பையில் கொட்டியிருக்கிறார். அலம்பி வேறு அனுப்பியிருக்கிறார், அவ்வளவு சுத்தம்! அதன்பிறகு குழுவில் அவர் எது போட்டாலும் நான் கட்டை விரல் கூடக் காட்டவில்லை. கோயிலில் எதிரே வந்தபோது செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மகளோ இன்னும் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் விண்டர் பார்ட்டி வந்தது. கிறிஸ்துமஸ் என்று சொன்னால் யாருக்காவது மனசு புண்படும் என்று இங்கே குளிர்காலத்தின் பேரைச் சொல்லிக் கொண்டாடுவார்கள். இந்த முறை பலகாரத்துக்கும் பெயர் கொடுத்தேன், பார்ட்டியில் உதவி செய்யவும் பெயர் கொடுத்தேன். கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானம்.

பார்ட்டிக்கு முந்தைய நாள் மதியம் முழுக்கப் பனிமனிதன் பிடித்தேன். ஒரு பெரிய உருண்டை, அதன் மேல் சின்ன உருண்டை, ஆக நாற்பத்தெட்டு உருண்டைகள். தூள் சர்க்கரையில் புரட்டினால் அசல் பனி. கண்ணுக்குச் சாக்லேட் பொடி மணி, மூக்குக்கு ஆரஞ்சு நிறப் பேடாவில் ஒரு திரி, கழுத்துக்கு ஸ்ட்ராபெரிக் கூழைத் தாளாகக் காயவைத்து விற்கிறதைக் கத்தரித்து ஒரு மஃப்ளர். மகள் பள்ளியிலிருந்து வந்து புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சர்க்கரை அரைக்க மிக்ஸியில் ஜாரை மாட்டியபோது, "அம்மா, டிட் யூ வாஷ் இட்?" என்றாள்.

"எல்லாம் கழுவியாச்சு. நீ போய் ஹோம்வொர்க் பாரு."

"பட் அம்மா..."

"சும்மா போறியா, இல்லையா? இருக்கற வேலையில இவ வேற!"

போய்விட்டாள். அப்புறம் நான் ஒரு உருண்டையை அவள் வாயில் வைக்கப் போனபோது தலையைத் திருப்பிக்கொண்டாள். இவளும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து எங்கள் வீட்டுப் பண்டத்தை ஒதுக்க ஆரம்பித்துவிட்டாளா என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை இருபத்து நாலு பனிமனிதர்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தாளில் கட்டி, பெரிய டப்பாவில் அடுக்கி, காரிலிருந்து மகளின் கையில் கொடுத்தேன். பத்திரமாகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் போனாள். நான் வரிசையில் நின்ற கார்களோடு நகர்ந்து வந்துவிட்டேன்.

ஒரு மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ரூம் மாம் மேஜை மேல் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். "ஹாய், வாங்க வாங்க" என்றார். நான் மேஜையைத்தான் பார்த்தேன். பழம், பிரெட்ஸல், பாப்கார்ன், கடையில் வாங்கிய பிஸ்கட். பனிமனிதன் இல்லை.

"என்னோட டப்பா எங்கங்க?"

"எந்த டப்பா? நீங்க கொண்டுவருவீங்கன்னுதான் வெயிட் பண்ணிட்டு இருக்கேன்."

"காலையிலயே பாப்பாகிட்ட குடுத்து விட்டேனே."

"எங்கிட்ட வரலையேங்க."

அந்த முகத்தில் துளி கூடப் பதற்றமில்லை. என்ன நடிப்பு! "கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றேன். அந்தப் பள்ளியில் வகுப்புகளுக்கு வெளியே கூரை போட்ட நடைபாதைதான். அங்கே நிறுத்திவைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ஹாலோவீனுக்கும் இதே கதைதானே என்றேன். படங்களைப் பார்த்தேன் என்றேன். கிச்சன் சுத்தமா என்று போன் செய்து கேட்டீர்களே, அப்போதே தெரியும் என்றேன். கடைசியில் மனசில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"எங்க வீட்டுப் பண்டம் உங்க பொண்ணு வாயில பட்டுறக் கூடாது. அதுதானே?"

அவருக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, என்னங்க பேசறீங்க" என்றார். கண் நிறைந்துவிட்டது. நான் இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து என் துப்பட்டாவை யாரோ இழுத்தார்கள். திரும்பினால் என் மகள். காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஸ்டாப் இட், அம்மா. ரெண்டு தடவையும் நான்தான் குப்பையில போட்டேன். ப்ளீஸ், லெட்ஸ் கோ."

பார்ட்டிக்கு நாங்கள் இருக்கவில்லை. அலுவலகத்தில் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காரில் உட்காரவைத்தேன். ஓட்டாமல் அப்படியே பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் பாப்பா? அம்மா நாள் பூரா நின்னு செஞ்சேனே. ஏன்?"

முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். நிலக்கடலை ஆகாத குழந்தை அவளுடைய தோழிதான். இவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் பட்டால் கூடத் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடுமாம், ஆம்புலன்ஸில் போயிருக்கிறாளாம்.

"நான் கடலையே போடலையே, சாமி!"

"அந்தச் சின்ன ஜார், அம்மா. நீ கடலைச் சட்னி அரைக்கற ஜார். அதுலதானே சர்க்கரை அரைச்சே? ரெண்டு தடவையும்."



எங்கள் வீட்டில் நிலக்கடலை இல்லாத நாள் கிடையாது. எங்கள் பக்கமே அப்படித்தான். இட்லிக்குக் கடலைச் சட்னி, சாதத்துக்குக் கடலைப் பொடி, கத்தரிக்காய்க் குழம்புக்குக் கூட வறுத்து அரைத்து ஊற்றுவேன். எல்லாம் அந்த ஒரு ஜாரில்தான். கழுவுவேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு சொட்டு சோப்பு விட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று ஓட்டிக் கவிழ்த்துவிடுவேன். பிளேடுக்கு அடியில் விரல் போகாது. மூடியின் ரப்பர் வளையத்தை நான் கழற்றியே பல மாதம் இருக்கும். கடைக்காரனின் தூள் சர்க்கரையில் கலந்த சோள மாவைக் கண்டுபிடித்தவள் நான். என் வீட்டு ஜாரின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. ஹாலோவீனுக்கும் கேட்டேன், நேத்தும் கேட்டேன். நீ கழுவியாச்சுன்னு கத்தினே."

கேட்டாளா? கேட்டாள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது.

"ஆன்ட்டிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவங்க உன் மேல கோபப்படுவாங்க. அப்புறம் என்கூட விளையாட விடமாட்டாங்க."

அப்புறம், என்னவோ அதையும் கேட்டுவிடலாம் என்று லஞ்ச் விஷயத்தைக் கேட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் கடலை இல்லாதவர்களுக்கென்று ஒரு மேஜை இருக்கிறதாம். தோழி அங்கேதான் உட்காருவாளாம். டப்பாவில் கடலை இல்லாத யாரும் அவளோடு போய் உட்காரலாமாம். என் மகளுக்குத் தன் டப்பாவில் கடலை இருக்கிறதா இல்லையா என்று என்றைக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் அந்த மேஜையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு விளையாடப் போவாளாம். ஆகஸ்டிலிருந்து இப்படி. யாரும் இவளை ஒதுக்கவில்லை. நான்தான் தினமும் காலையில் டப்பா கட்டி அவளை அங்கே உட்காரவைத்திருக்கிறேன்.

"ஆன்ட்டிகிட்ட சொல்லாதே, அம்மா. ப்ளீஸ்."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மகளுக்கு இருப்பதே ஒரு சினேகிதம். ஆனால் யாரைப் போய் அப்படிப் பேசினேன்! அதை நினைக்க நினைக்க எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மகளும் கூட வந்தாள், காரை விட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்த ரூம் மாம் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜாரையும் சொன்னேன், குப்பைத் தொட்டியையும் சொன்னேன். ஒரு குழந்தை தடுக்காவிட்டால் இரண்டு முறை என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று சொன்னேன். மன்னிச்சிருங்க என்றேன்.

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வயசுல ஒரு தடவை, ஒரு பர்த்டே பார்ட்டில..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "வெளிய சொன்னா எல்லாரும் இவளைப் பார்த்து பயப்படுவாங்க, எதுக்கும் கூப்பிட மாட்டாங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. நான் ரூம் மாம் ஆனதே அதுக்குத்தாங்க. ஒவ்வொரு பார்ட்டிலயும் நான் அங்க நிக்கணும். உங்களுக்கு போன் பண்ணி கேட்டப்போ நீங்க கோச்சுக்கிட்டீங்க. ஹாலோவீனுக்கு உங்க டப்பா வரல, கோபத்துல அனுப்பலன்னு நெனச்சு நானும் கேக்கல. வந்திருந்தா இவ தட்டுல நான் வெச்சிருக்க மாட்டேன். ஆனா மத்தப் பசங்க கை எல்லாம்..."

"தெரியாம செஞ்சுட்டேங்க."

"தெரியும். ஆனாலும் எனக்கு உங்க மேல கோபமாத்தான் இருக்கு. இப்ப என்னால போயிட்டு வாங்கன்னுதான் சொல்ல முடியும்." எழுந்து காரைப் பார்த்தார். "அவ கார்லயா இருக்கா? கூப்பிடுங்க. இவ உள்ள காத்துட்டு இருக்கா."

மகள் என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். நான் ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது போதும் என்றிருந்தது.

விடுமுறை முடிவதற்குள் வீட்டிலிருந்த கடலை மூட்டையைக் காலி செய்தேன். புது ஜார் வாங்கினேன். அலமாரியைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன். ஜனவரியில் பள்ளி திறந்த அன்று எலுமிச்சை சாதம் கிளறினேன், கடலை போடாமல். தாளித்தது என்னென்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டினேன். மகள் அதை வரி வரியாகப் படித்தாள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"ஷ்யூரா, அம்மா?"

"சத்தியமா, கண்ணு."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பள்ளி விட்டுக் காரில் ஏறியதும் அவளே சொன்னாள், அந்த மேஜையில் உட்கார்ந்தேன் என்று. சிரித்துக்கொண்டே சொன்னாள். யார் யார் இருந்தார்கள், யார் பாலைக் கொட்டினார்கள், எல்லாம் சொன்னாள். ஆகஸ்டுக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து லஞ்ச் கதை கேட்பது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். டப்பா கனத்தது. சாதம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு கரண்டி கூட எடுக்கவில்லை.

"பசிக்கலையா?"

"பசிச்சுது. பட் அவ பக்கத்துல உக்காந்திருந்தேனா, ஸோ திறக்கல."

"நான்தான் எழுதி ஒட்டியிருந்தேனே, பாப்பா."

"ஐ நோ." காலணியைக் கழற்றிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள். "நீ அப்பவும் கழுவியாச்சுன்னுதானே சொன்னே? இட்ஸ் ஓகே, அம்மா. நாளைக்கு டப்பா வேண்டாம். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கறேன்."

அவளுக்குத் தோசை வார்த்துப் போட்டேன். ஐந்து தின்றாள். ஐந்தாவது தோசையைக் கல்லில் விட்டுவிட்டு ரூம் மாமுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு வாசலில் பேசியதோடு சரி, அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. எடுப்பாரோ மாட்டாரோ என்று இருந்தது. எடுத்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? நாளைக்கு உங்க பொண்ணுக்கு லஞ்ச் கட்டறப்போ எங்க பாப்பாவுக்கும் ஒரு டப்பா கட்டிக் குடுத்து விடுவீங்களா? நீங்க கட்டினா திறப்பா."

நான் தேம்பியது அவருக்குக் கேட்டிருக்கும்.

"கட்டித் தரேன்" என்றார். "அவளுக்கு என்ன பிடிக்கும்?"

பொடி இட்லி என்று சொல்லப் போனேன். புளிச் சாதம் என்று சொல்லப் போனேன். கத்தரிக்காய் சாதம் என்று நினைத்தேன். அவளுக்குப் பிடித்தது ஒவ்வொன்றிலும் நான் கடலை போட்டிருந்தேன். தயிர் சாதம் குடுங்க, போதும் என்றேன்.